பி லிம்ப் எர்த்

போன ஆவணியில் என் தங்கை மகன் ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் காரில் வைத்துக் கொண்டுவந்தான். சாலிகிராமத்தில் சிறிய ஒலிப்பதிவு அறை நடத்துகிறவன். அங்கே பெரிய ஸ்பீக்கர் போட்டபிறகு பழைய ஜோடியை விற்க மனம் வரவில்லை. "மாமா, உங்க கூடத்துக்கு இது கச்சிதமா இருக்கும், வெச்சுக்கங்க" என்று திருச்சி வரைக்கும் வந்து கொடுத்துவிட்டுப் போனான். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் வகை. ஐந்து அங்குல வூஃபர், ஒரு அங்குல ட்வீட்டர்.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மைக் கேபிள் செருகுகிற மாதிரி மூன்று துளை உள்ள எக்ஸ்எல்ஆர் சாக்கெட் ஒன்று, தடித்த 6.35 மில்லிமீட்டர் ஜாக் ஒன்று. டிவி, டிவிடி பெட்டிகளில் இருக்கும் சிவப்பு-வெள்ளைச் சாக்கெட்டான ஆர்சிஏ இல்லை. என்னிடம் உள்ள ப்ரீஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்று வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, 2009இல் நானே பாகம் பாகமாக வாங்கிப் பற்றவைத்தது. அதில் ஆர்சிஏ தவிர வேறொன்றும் இல்லை. ப்ரீஆம்பின் வெளியீடு அன்பேலன்ஸ்டு, ஒரு சிக்னல் கம்பியும் எர்த்தும் மட்டும்; ஸ்பீக்கரின் உள்ளீடு பேலன்ஸ்டு, இரண்டு சிக்னல் கம்பியும் தனியாக எர்த்தும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து முடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இப்போது நிறையப் பேர் ஸ்டுடியோ ஸ்பீக்கர்களை வீட்டில் வைக்கிறார்கள், அவர்களுக்கு உதவும்.

முதலில் ரிச்சி தெருவிலிருந்து தங்கை மகன் அனுப்பிய ரெடிமேட் கேபிளைப் போட்டேன். ஒரு முனையில் ஆர்சிஏ, மறுமுனையில் எக்ஸ்எல்ஆர், பார்க்க அழகாக இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு, தெரு அடங்கியபிறகு, ஒரு கட்டை சுருதியில் பாடும் ஒரு வித்வானின் சிடியை வைத்தேன். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் தம்புரா மட்டும் கொஞ்ச நேரம் போகும். அந்த இடத்தில்தான் பிடிபட்டது. தம்புராவுக்கு அடியில் இன்னொரு சுருதி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கட்டை என்றால் மேற்கத்திய முறையில் சி. ஆண் குரலுக்கான தம்புராவில் அந்தச் சுருதிக்குப் பஞ்சமத் தந்தி சுமார் 98 ஹெர்ட்ஸில் நிற்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கு 100. ஹம் என்று நாம் சொல்லும் உறுமல், பஞ்சமத்தை ஒட்டி, ஒரு மயிரிழை கூடுதலாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. நொடிக்கு இரண்டு தரம் அலை அடிப்பதுபோல் இரண்டும் உரசும். கச்சேரிக்குப் போய்ப் பழகிய காதுக்கு இது பெரிய வேதனை. சத்தமான சினிமாப் பாட்டில் இது மறைந்துபோகும், ஆலாபனையில் மறையாது.

எனக்கு இந்த ஹம் புதிதில்லை. 1984இல் தொலைபேசித் துறையில் சேர்ந்தேன், 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். நடுவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் லைனில் காது வைத்துக் கேட்டதுதான் வேலை. மழைக்காலம் வந்தால் புகார் புத்தகம் நிறைந்துவிடும். "உர்ருனு சத்தம் வருது சார், பேசுறதே கேக்கல" என்பார்கள். போய்ச் சோதித்தால் பாதிக்கு மேல் ஒரே காரணமாக இருக்கும். எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி, ஜோடியில் ஒரு கம்பி மட்டும் பூமியோடு உறவாடிக்கொண்டிருக்கும். எங்கள் பேச்சில் அதற்கு 'பி லிம்ப் எர்த்' என்று பெயர். ஏ லிம்ப், பி லிம்ப் என்று இரண்டு கம்பி. இரண்டில் எது எர்த் ஆனாலும் ஹம் வரும்.

தொலைபேசி லைனும் எக்ஸ்எல்ஆர் கேபிளும் ஒரே தத்துவத்தில் நிற்பவை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். ஆரம்பகாலத் தொலைபேசிகளில் தந்தி லைனைப்போல ஒரே கம்பிதான் போனது, திரும்பி வரும் வழி பூமி. நகரங்களில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்ததும் அந்த ஒற்றைக் கம்பிகளில் இரைச்சல் தாங்கவில்லை. அப்புறம்தான் இரண்டு கம்பி இழுத்தார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்குவதற்கு 1881இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கினார். பக்கத்தில் மின்கம்பி போனால் அதன் தாக்கம் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். கேட்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே அளவில் ஏறியதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பூஜ்யம். பேச்சு மட்டும் மிஞ்சும். நான் சேர்ந்த காலத்தில் ரயில் பாதை ஓரமாக ஓடிய திறந்த கம்பி லைன்களில், சில கம்பங்களுக்கு ஒரு தரம் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்போசிஷன் என்போம். முறுக்கு ஒயரையே பல மைல் நீளத்துக்கு நீட்டியதுபோல அது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கம்பியும் பூமியைப் பொறுத்தவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே தடை, ஒரே இன்சுலேஷன். பேலன்ஸ்டு என்ற சொல்லுக்குப் பொருள் அதுதான். ஆடியோ பற்றி எழுதுகிற பலரும், ஒரு கம்பியில் நேர் அலையும் மறு கம்பியில் தலைகீழ் அலையும் போவதுதான் பேலன்ஸ்டு என்று எழுதுகிறார்கள். தலைகீழ் அலை இருந்தால் சிக்னல் இரட்டிப்பாகும், அது உண்மை. ஆனால் இரைச்சலை ஒழிப்பது அந்தத் தலைகீழ் அலையின் வேலை இல்லை. இரண்டு காலின், அதாவது இரண்டு கம்பியின், தடையும் சமமாக இருப்பதுதான் இரைச்சலை ஒழிக்கிறது. ஒரு கம்பியில் சிக்னலே இல்லாமல் வெறும் தடை மட்டும் சமமாக இருந்தாலும் ஹம் ஒழியும். இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

சரி, என் கூடத்துக்கு வருகிறேன். ஹம் கேட்டதும் தங்கை மகனுக்கு போன் போட்டேன்.

"மாமா, ஸ்பீக்கர் பவர் கார்டுல எர்த் பின்னை மட்டும் எடுத்துடுங்க, போயிடும். நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க."

"அதை மட்டும் செய்ய மாட்டேன்டா. நீயும் எங்கயும் செய்யாதே" என்றேன்.

எர்த் பின்னை எடுத்தால் ஹம் போகும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த உலோகப் பெட்டிக்குள் என்றைக்காவது ஃபேஸ் கம்பி கழன்று பெட்டியின் உடம்பில் பட்டால், மின்சாரத்தை பூமிக்கு இழுத்துக்கொண்டுபோய் ஃபியூஸை ஊத வைப்பது அந்தப் பின்தான். அது இல்லையென்றால் 230 வோல்ட்டும் ஆடியோ கேபிளின் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் மெல்லிய உலோக உறையான ஷீல்டு வழியாக அடுத்த பெட்டிக்குப் போகப் பார்க்கும், அல்லது அதைத் தொடுகிறவர் கை வழியாகப் போகும். அறுந்த மின்கம்பி தொலைபேசி லைனில் விழுந்து, கம்பத்தில் இருந்த சக ஊழியர் ஒருவரை நாங்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். அவர் பிழைத்தார், கை விரல்கள் போய்விட்டன. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடியாடும் கூடத்தில் எர்த் இல்லாத பெட்டியை வைக்க எனக்கு மனம் வராது. ஹம்முக்கு வேறு வழி இருக்கிறது, ஷாக்குக்கு இல்லை.

மறுநாள் காலையில் ஃபால்ட் தேடுகிற முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் ப்ரீஆம்பின் வால்யூமைப் பூஜ்யமாக்கினேன். ஹம் குறையவில்லை. அப்படியானால் அது வால்யூம் குமிழுக்குப் பின்னால் ஏறுகிறது. அடுத்து ஸ்பீக்கர் முனையில் கேபிளைக் கழற்றினேன், சுத்தமான அமைதி. ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை. பிறகு ஒரு பழைய ஆர்சிஏ சாக்கெட்டில் நடுமுனையையும் வெளிவளையத்தையும் ஒன்றாகப் பற்றவைத்து, ப்ரீஆம்பில் செருக வேண்டிய கேபிள் முனையை அதில் செருகினேன். இப்போது சிக்னல் ஷார்ட், ப்ரீஆம்போடு தொடர்பும் இல்லை. ஹம் இல்லை. அந்தச் சாக்கெட்டின் வெளிவளையத்தை ஒரு கிளிப் ஒயரால் ப்ரீஆம்பின் உலோக உடம்போடு இணைத்தேன். ஹம் வந்துவிட்டது! சிக்னல் வழியே மூடியிருக்கும்போது, இரண்டு பெட்டியின் எர்த்தும் கேபிளால் இணைந்த மாத்திரத்தில் ஹம் வருகிறதென்றால், அது அந்தக் கேபிளின் ஷீல்டில் ஓடும் மின்சாரத்தின் வேலை. இந்தச் சோதனைக்கு ஐந்து ரூபாய் சாக்கெட் போதும். யாரும் செய்து பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆர்சிஏவைச் செருகும்போது நடுமுனைதான் முதலில் தொடும், எர்த் வளையம் பிறகுதான் தொடும். பவர் போட்டபடி செருகினால் அந்த இடைவெளியில் பெரிய உறுமல் கிளம்பி ட்வீட்டரையே கெடுத்துவிடலாம். ஒவ்வொரு தரமும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனையைத் திருகித் திறந்தேன். எக்ஸ்எல்ஆரில் 1ஆம் பின் ஷீல்டு, 2ஆம் பின் சிக்னல் நேர் கால், 3ஆம் பின் எதிர் கால். உள்ளே பார்த்தால் கேபிளில் ஒரே ஒரு நடுக்கம்பிதான் இருந்தது. அது 2க்குப் போயிருந்தது. ஷீல்டு 1க்குப் போய், அங்கிருந்து ஒரு சின்னக் கம்பித் துண்டால் 3க்கும் பாலம் போட்டிருந்தார்கள். பார்த்த உடனே வாய்விட்டுச் சொன்னேன்: பி லிம்ப் எர்த். மழைத் தண்ணீர் செய்கிற அதே வேலையை இங்கே ஈயம் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அதில் என்ன தப்பு என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். ப்ரீஆம்புக்கும் மூன்று முள் பிளக், ஸ்பீக்கருக்கும் மூன்று முள் பிளக். இரண்டும் சுவர் வழியாக ஒரு தரம் எர்த்தில் இணைகின்றன, ஷீல்டு வழியாக மறுபடி இணைகின்றன. வட்டம் மூடிவிடுகிறது. அந்த வட்டத்தில் 2 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷீல்டும் இரண்டு முனைத் தொடுகைகளும் சேர்ந்து அரை ஓம். இரண்டையும் பெருக்கினால் 1 மில்லி வோல்ட். ப்ரீஆம்ப் நினைக்கிற பூஜ்யமும் ஸ்பீக்கர் நினைக்கிற பூஜ்யமும் 1 மில்லி வோல்ட் விலகி நிற்கின்றன. 3ஆம் பின்னை ஸ்பீக்கர் முனையிலேயே எர்த்தோடு கட்டிவிட்டதால், ஸ்பீக்கர் தன் பூஜ்யத்தை வைத்துச் சிக்னலை அளக்கிறது. அந்த 1 மில்லி வோல்ட்டும் இசையோடு சேர்ந்துவிடுகிறது. சிக்னல் 2 வோல்ட்டாக இருக்கும்போது அது 66 டெசிபல் கீழே, தெரியாது. ஆலாபனையின் மெல்லிய இடத்தில் சிக்னல் 20 மில்லி வோல்ட்டுக்கு இறங்கும்போது வெறும் 26 டெசிபல் கீழே. தம்புராவோடு போட்டிபோடுகிறது.

தீர்வு எளிது. ஒரு கம்பிக் கேபிளை விட்டுவிட்டு, மைக் கேபிள் என்று கடையில் கேட்டால் கிடைக்கிற, இரண்டு நடுக்கம்பியும் ஷீல்டும் உள்ள கேபிளை எடுங்கள். ஒரு கம்பி ஆர்சிஏ நடுமுனையிலிருந்து 2ஆம் பின்னுக்கு. இன்னொரு கம்பி ஆர்சிஏ வெளிவளையத்திலிருந்து 3ஆம் பின்னுக்கு. ஷீல்டு வெளிவளையத்திலிருந்து 1ஆம் பின்னுக்கு. 3க்கும் 1க்கும் நடுவில் எக்ஸ்எல்ஆர் முனையில் பாலம் கூடாது. இரண்டும் சந்திப்பது ப்ரீஆம்ப் முனையில் மட்டும்.

எர்த் மின்சாரம் இப்போதும் ஷீல்டில் ஓடத்தான் செய்யும், ஓடட்டும். 3ஆம் பின்னுக்குப் போகும் கம்பியில் அது ஓடாது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஸ்பீக்கரின் உள்ளீட்டுத் தடை அதிகம். ஆகவே அந்தக் கம்பி, ப்ரீஆம்பின் பூஜ்யம் எங்கே நிற்கிறது என்ற தகவலை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஸ்பீக்கர் 2இலிருந்து 3ஐக் கழிக்கிறது. விலகி நின்ற 1 மில்லி வோல்ட் இரண்டிலும் இருப்பதால் கழிந்துபோகிறது. அன்பேலன்ஸ்டு ப்ரீஆம்பை மாற்றவே இல்லை, ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு உள்ளீடு செய்யக் காத்திருந்த வேலையைச் செய்ய விட்டோம், அவ்வளவுதான்.

மல்டிமீட்டரின் பீப்பை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ரெடிமேட் கேபிளிலும் 1க்கும் 3க்கும் நடுவில் பீப் அடிக்கும், என் கேபிளிலும் அடிக்கும், ஏனென்றால் இரண்டிலும் அவை எங்கோ ஓரிடத்தில் சேர்கின்றன. எந்த முனையில் சேர்கின்றன என்று மீட்டருக்குத் தெரியாது. பிளக்கைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

புதுக் கேபிளைப் போட்டதும் கூடத்தில் ஹம் இல்லை. உட்காரும் நாற்காலியிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வூஃபரில் காதை ஒட்டி வைத்தால் மெல்லிய உறுமல் இன்னும் இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை.

எங்கள் துறையில் ஜெல்லி கேபிள், அதாவது தண்ணீர் இறங்காமலிருக்க உள்ளே ஜெல்லி நிரப்பிய நிலத்தடிக் கேபிள், புதைத்தபிறகு ஜோடி ஜோடியாகச் சோதிப்போம். இரண்டு கம்பியும் சேர்ந்த லூப் தடை எவ்வளவு என்பது ஒரு சோதனை. இரண்டு காலுக்கும் நடுவில் தடை வித்தியாசம் எவ்வளவு என்பது இன்னொரு சோதனை. இரண்டாவதை மறந்தால் லைன் வேலை செய்யும், ஆனால் இரைச்சல் எடுக்கும். இங்கேயும் அதே கதைதான். என் ப்ரீஆம்பின் வெளியீட்டில் 100 ஓம் ரெசிஸ்டர் தொடரில் இருக்கிறது, நானே வைத்தது. ஆகவே 2ஆம் பின்னுக்குப் போகும் காலில் 100 ஓம், 3ஆம் பின்னுக்குப் போகும் காலில் பூஜ்யம். ஸ்பீக்கர் உள்ளீட்டில் கால் ஒன்றுக்குச் சுமார் 10 கிலோ ஓம் என்று எடுத்துக்கொண்டால், 100க்கும் 10,000க்கும் உள்ள விகிதம் நூற்றில் ஒன்று. நூறு பங்கு ஹம்மில் ஒரு பங்கு கழியாமல் தங்கிவிடும். 40 டெசிபல் ஒழிப்பு, அதற்கு மேல் கிடைக்காது.

ஆர்சிஏ பிளக்குக்குள், வெளிவளையத்துக்கும் 3ஆம் பின் கம்பிக்கும் நடுவில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தேன். பழுப்பு, கருப்பு, பழுப்பு. கால் வாட் போதும், பிளக்கின் மூடிக்குள் அடங்கிவிடும். இரண்டு காலிலும் இப்போது 100 ஓம். ஸ்பீக்கரைப் போட்டு வூஃபரில் காதை வைத்தேன். உறுமல் இல்லை. ட்வீட்டரின் லேசான காற்றுச் சத்தம் மட்டும், அது எல்லா ஆக்டிவ் ஸ்பீக்கரிலும் இருப்பது. அந்தச் சிடியை மறுபடி வைத்து ராத்திரி ஒன்றரை மணிவரை கேட்டேன். தம்புராவின் நான்கு தந்தியும் தனித்தனியாக நின்றன.

உங்கள் கருவியின் வெளியீட்டுத் தடை எவ்வளவு என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும். அந்த அளவுக்கு மிக நெருக்கமான ரெசிஸ்டரை வைத்தால் போதும்.

சிக்னல் அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டுடியோக் கருவிகள் எதிர்பார்க்கும் வழக்கமான அளவு +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் பழைய வழக்கம் −10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். என் ஸ்பீக்கரின் பின்னால் இந்த இரண்டுக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது, −10 பக்கம் தள்ளினேன். அந்த டிபியு என்ற அளவுக்கு அடித்தளமான 0.775 வோல்ட், 600 ஓம் தடையில் 1 மில்லி வாட் என்ற தொலைபேசிக் கணக்கிலிருந்து வந்தது. ஊர்களை இணைக்கும் டிரங்க் லைன் அளக்க நாங்கள் வைத்திருந்த மீட்டரிலும் அதே பூஜ்யம்தான்.

இதுவரை சொன்னது அன்பேலன்ஸ்டிலிருந்து பேலன்ஸ்டுக்குப் போவது. எதிர்த்திசைதான் ஆபத்தானது. அதையும் இந்த வீட்டிலேயே பார்த்தேன்.

என் மகன் அறையில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, ஆர்சிஏ உள்ளீடு. தங்கை மகன் கொடுத்த யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கிற சவுண்டு கார்டை, லேப்டாப்பில் மாட்டி, அதிலிருந்து பாட்டு கேட்க நினைத்தான் மகன். இன்டர்ஃபேஸின் வெளியீடு 6.35 மில்லிமீட்டர் ஜாக், பேலன்ஸ்டு. கடையில் கிடைத்த, ஒரு முனையில் மோனோ பிளக், மறுமுனையில் ஆர்சிஏ உள்ள கேபிளைப் போட்டான். பாட்டு வந்தது. ஒரு வாரம் கழித்து, "அப்பா, சத்தம் ஏறுற எடத்துல கரகரங்குது, பெட்டியும் சூடா இருக்கு" என்று வந்து நின்றான்.

அந்த ஜாக்கில் மூன்று தொடுகை உண்டு: டிப், ரிங், ஸ்லீவ். அந்தப் பெயர்களும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பிறந்தவை. ஆபரேட்டர்கள் கையால் இணைப்புக் கொடுத்த காலத்தில் போர்டில் செருகிய கார்டின் முனைதான் இந்த பிளக். அமெரிக்காவில் லைனின் இரண்டு கம்பிக்குமே டிப், ரிங் என்றுதான் பெயர். நம் ஏ லிம்ப், பி லிம்ப். நான் சேர்ந்தபோது டிரங்க் போர்டில் அந்தக் கார்டுகள் இன்னும் இருந்தன. பித்தளை முனை தேய்ந்து பளபளவென்று இருக்கும்.

மோனோ பிளக்கில் ரிங் கிடையாது, அதன் ஸ்லீவ் நீளமாக வந்து ரிங் இருக்க வேண்டிய இடத்தையும் மூடிவிடும். ஆகவே மூன்று தொடுகை உள்ள ஜாக்கில் அதைச் செருகினால் ரிங் நேராக எர்த்தோடு ஷார்ட் ஆகும். ரிங்கில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் சிப் தலைகீழ் அலையை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அது 50 அல்லது 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகப் பூமிக்குள் தள்ளித் தள்ளிச் சூடாகிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அதனால் கொடுக்க முடிகிற மின்சாரம் தீர்ந்துபோய், அதன் தடுமாற்றம் எர்த் வழியாக நல்ல காலிலும் ஏறுகிறது. அதுதான் கரகரப்பு. எக்ஸ்எல்ஆர் வெளியீட்டிலும் இதே விபத்து நடக்கும். எக்ஸ்எல்ஆரை ஆர்சிஏவாக மாற்றும் சின்ன அடாப்டர்கள் பலவற்றின் உள்ளே 1ஐயும் 3ஐயும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள்.

அப்படிக் கட்டுவது எல்லா இடத்திலும் தவறு என்றும் சொல்ல முடியாது. குழப்பமே அங்கேதான். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 3ஐ எர்த்தில் கட்டியே ஆக வேண்டும், விட்டுவிட்டால் சுற்று முடியாது, பாஸ் என்கிற கனத்த கீழ் ஒலி இல்லாத ஈனக் குரல்தான் வரும். டிரான்ஸ்ஃபார்மரைப்போல நடந்துகொள்ளும்படி செய்த சிப்கள் உண்டு, டிஆர்வி134, எஸ்எஸ்எம்2142 போன்றவை. அவற்றிலும் 3ஐக் கட்ட வேண்டும், அதையும் வெளியீட்டு முனையிலேயே கட்ட வேண்டும். ஒரு காலில் மட்டும் சிக்னலும் மறு காலில் வெறும் ரெசிஸ்டரும் உள்ள வகையில் எப்படிச் செய்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் மகனின் இன்டர்ஃபேஸைப்போல இரண்டு காலையும் தனித்தனி சிப் ஓட்டுகிற சாதாரண வகையில் 3ஐ (ஜாக் என்றால் ரிங்கை) எதிலும் சேர்க்காமல் திறந்து விட வேண்டும். கையேட்டில் வெளியீடு பற்றிய பக்கத்தைப் படியுங்கள். ஒன்றும் போடவில்லையென்றால் முதலில் திறந்து விட்டுக் கேளுங்கள். திறந்து விடுவதால் எந்தக் கருவியும் எரியாது. சத்தம் மெலிந்தோ பாஸ் இல்லாமலோ வந்தால் அப்புறம் கட்டிப் பார்க்கலாம்.

மகனுக்கு மூன்று தொடுகை பிளக் வைத்து ஒரு கேபிள் செய்தேன். டிப் ஆர்சிஏ நடுமுனைக்கு, ஸ்லீவ் வெளிவளையத்துக்கு, ரிங் எதற்கும் இல்லை. ஒரு காலை மட்டும் எடுப்பதால் சிக்னல் பாதியாகும், 6 டெசிபல் குறையும். வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு அது நல்லதுதான். கரகரப்பு போனது, பெட்டியும் குளிர்ந்தது. கேபிளை ஒரு மீட்டருக்கு மேல் விடவில்லை. வாங்கும் பக்கம் அன்பேலன்ஸ்டு என்றால் கழித்தல் வேலை நடக்காது, ஷீல்டில் ஏறுவதெல்லாம் இசையில் ஏறும். நீளத்தைக் குறைப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அது போதவில்லை. லேப்டாப்பில் சார்ஜர் மாட்டியிருக்கும்போது கீச்சென்ற சத்தமும் ஹம்மும் வந்தன, சார்ஜரைக் கழற்றினால் நின்றன. இதற்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் சரியான மருந்து. இரண்டு பக்கமும் கம்பித் தொடர்பே இல்லாமல் காந்தப்புலத்தால் மட்டும் சிக்னல் கடக்கும், எர்த் மின்சாரத்துக்கு வழி கிடையாது. என்னிடம் பழைய மோடத்திலிருந்து எடுத்த 600 ஓம் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு இருந்தது, ஆசையோடு போட்டுப் பார்த்தேன். ஹம் அடியோடு போனது. கூடவே மிருதங்கத்தின் இடந்தலையும் போய்விட்டது. தொலைபேசிக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும், டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் உள்ள உலோகக் கருவுக்கு (கோர்) அதற்குக் கீழே தாங்கும் சக்தி இல்லை. நிக்கல் கலந்த நல்ல கருவுள்ள ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஜோடி வரவழைத்து, ஆம்ப்ளிஃபயரை ஒட்டியே வைத்தேன். இடந்தலை திரும்பி வந்தது. விலை கொஞ்சம் உறைக்கும், ஆனால் லேப்டாப்பிலிருந்து அன்பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

கூடத்து டிவியின் கேபிள் பெட்டியிலும் ஒரு சிக்கல் இருந்தது. தெருவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் ஷீல்டு வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது, அதை ஆர்சிஏவில் ப்ரீஆம்புக்கு இழுத்ததும் ஹம் திரும்பியது. டிவியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ஒரு சின்ன மாற்றிப் பெட்டி வழியாக எடுத்தேன். ஒளிக்கு எர்த் இல்லை, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இப்போது என் மேசை இழுப்பறையில் நான் செய்த கேபிள்கள் ஆறு இருக்கின்றன. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே கருப்பு. எக்ஸ்சேஞ்சில் எல்லா லைனும் வந்து சேரும் சட்டமான எம்டிஎஃப்பின் ஜம்பர் கம்பிகளுக்கு அட்டை கட்டுவதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன். ஒன்றில் "ஆர்சிஏவிலிருந்து எக்ஸ்எல்ஆர், பாலம் ஆர்சிஏ முனையில், 100 ஓம்" என்று எழுதியிருக்கிறது. அதை மட்டும் மீட்டராலும் கண்டுபிடித்துவிடலாம், 1க்கும் 3க்கும் நடுவில் 100 ஓம் காட்டும். மகனுடையதில் "ரிங் திறந்தது, கட்டக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதினேன். ரிச்சி தெருக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனைகளைக் கழற்றிப் புதுக் கேபிளுக்கு எடுத்துக்கொண்டேன், முனைகள் நல்ல தரம். அந்தப் பாலத்தை வெட்டி எடுத்த கம்பித் துண்டு இரண்டும் இழுப்பறையின் மூலையில் கிடக்கின்றன.